ரெண்டு நாள் தபால்

பின்கோடு போட்டீங்களா சார்? அந்தக் கவர்லதான், உங்க மடியில இருக்கே. தப்பா நினைச்சுக்காதீங்க, பஸ்ல பக்கத்துல உக்காந்தா கண்ணு போகத்தான் செய்யுது. ஆறு நம்பரும் போட்டிருக்கீங்க, சரி. கடைசி நம்பர் ஒண்ணா, ஏழா? ஏழுன்னா கொஞ்சம் வளைச்சு எழுதுங்க. ஒண்ணுன்னு எடுத்துக்கிட்டா வேற பேட்டைக்குப் போயிட்டுத் திரும்பி வரும். ஒரு நாள் போச்சு.

எங்க போடப்போறீங்க? திருச்சி பஸ் ஸ்டாண்டுப் பெட்டியிலயா? வேண்டாம் சார். நாலு எட்டு நடந்தா ஜங்ஷன். அங்க ஆர்.எம்.எஸ். இருக்கு, தபாலைப் பிரிச்சு ரயில்ல ஏத்தற இடம். அங்க இருக்கற பெட்டியில போட்டீங்கன்னா இன்னைக்கு வண்டியிலயே ஏறிடும். நாளைக்கு மெட்ராஸ். நாளை மறுநாள் வீட்டு வாசல். ரெண்டே நாள். நானும் அங்கதான் போறேன், கூடவே வாங்க.

தபால் இலாகாவான்னு கேக்கறீங்க, இல்லையா? எல்லாரும் கேப்பாங்க. இல்ல சார். வேளாண்மை ஆபீஸ்ல டைப்பிஸ்ட். பேரு வைத்திலிங்கம், ஊரு தென்கரைப்பட்டி. தபாலைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதெல்லாம் வயித்தெரிச்சல்ல கத்துக்கிட்டது.

மெட்ராஸ்லேருந்து வர்ற ‘கலையரும்பு’ வாரப் பத்திரிகை படிப்பீங்களா? படிக்காட்டியும் பரவாயில்ல. அதுல கடைசிப் பக்கத்துக்கு முன்பக்கம் வாசகர் கடிதம் வரும். பேரு, ஊரு போட்டு ஏழெட்டுக் கடிதம். அதுக்கு நான் ஆறு வருஷமா எழுதறேன். வாரம் தவறாம எழுதறேன். போட்டது எத்தனைன்னு நினைக்கறீங்க? ரெண்டு. ரெண்டே ரெண்டு. அதுலயும் ஒண்ணுல என் பேரை வைத்தியநாதன்னு போட்டுட்டாங்க.

போடாட்டி போகட்டும் சார். ஊருக்கு ஊரு ஆயிரம் பேரு எழுதறான், எல்லாருதையும் போட முடியுமா? அது எனக்குத் தெரியாதா? ஆனா எங்க ஊருலேருந்தே இன்னொருத்தன் எழுதினான். ‘சிவக்கொழுந்து, தென்கரைப்பட்டி.’ அவனுது மாத்தி மாத்தி வந்துக்கிட்டே இருந்துச்சு. மூணு வருஷத்துல முப்பத்தோரு கடிதம். நான் எண்ணி வச்சிருக்கேன். வியாழக்கிழமை புத்தகம் வரும், கடையில நின்னபடியே அந்தப் பக்கத்தைத்தான் முதல்ல பிரிப்பேன். தென்கரைப்பட்டின்னு கண்ணுல படும். நம்மளுதுதான்னு நினைப்பேன். அடுத்தாப்ல பாத்தா சிவக்கொழுந்து. வயிறு எரிஞ்சுது சார், சொல்றதுக்கென்ன. அன்னைக்குப் பூரா சோறு இறங்காது.

அவன் அப்படி என்னத்தை எழுதிக் கிழிச்சான்னு கேளுங்க. ஒரு தடவை ஒரு ஆஸ்பத்திரிக் கதை வந்துச்சு. நான் முறையா எழுதினேன். ‘அட்டைப்படம் கண்ணைக் கவர்ந்தது. தலையங்கம் சிந்திக்க வைத்தது. முப்பத்து நான்காம் பக்கத்தில் மூன்று எழுத்துப் பிழைகள் உள்ளன, கவனிக்கவும்.’ டைப் அடிச்சு, மார்ஜின் விட்டு. அவன் எழுதினது இது: ‘அந்த நர்ஸம்மா கையைக் கழுவிட்டு ஈரத்தைப் புடவையில துடைச்சாங்கன்னு ஒரு வரி வருது. அந்த வரியிலயே நின்னுட்டேன். எங்க வீட்டுச் சாதம் அடிப்பிடிச்சதுக்கு அந்த எழுத்தாளர்தான் பொறுப்பு.’ இது ஒரு கடிதமா சார்? எங்க வீட்டுலயும்தான் அந்த வாரம் சாதம் அடிப்பிடிச்சுது, தெருவே நாறுச்சு. அதைப் போயி யாராவது பத்திரிகைக்கு எழுதுவானா?

யாரு இந்தச் சிவக்கொழுந்துன்னு ஊரெல்லாம் விசாரிச்சேன். போஸ்ட்மேன் சவரிமுத்துகிட்டக் கேட்டேன். அந்தப் பேருக்கு இதுவரைக்கும் ஒரு தபால் வந்ததில்ல சார்ன்னாரு. வாஸ்தவம்தான், வாசகர் கடிதம் எழுதறவனுக்கு யாரு பதில் போடுவா? எங்க மாமனாரு பேரும் அதுதான். அவரு போய்ச் சேந்து பதினாலு வருஷமாச்சு. ‘உங்கப்பா மேலேருந்து கடுதாசி போடுறாரோ என்னமோ’ன்னு வீட்டுக்காரிகிட்டச் சொல்லிச் சிரிச்சேன். அவ சிரிக்கல. பருப்பைக் கடைஞ்சுக்கிட்டிருந்தா.

அப்பதான் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. அவன் கடிதம் நல்லா இருக்கறதால போடல, முன்னாடி போய்ச் சேர்றதால போடறாங்க. பக்கத்துக்கு ஏழெட்டுக் கடிதம்தான். முதல்ல வந்ததை எடுத்துக்கிட்டா பின்னாடி வர்றதுக்கு இடம் ஏது? அப்ப என் கார்டு எங்கயோ தாமதமாகுது. எங்க? அதைக் கண்டுபிடிக்காம விடறதில்லைன்னு கிளம்பிட்டேன்.

நான் வெள்ளிக்கிழமை ஆபீஸ்ல சாப்பாட்டு நேரத்துல டைப் அடிச்சிடுவேன். சாயந்தரம் வீட்டுக்காரிகிட்டக் கொடுப்பேன். செண்பகவல்லின்னு பேரு. அவ சனிக்கிழமை காலையில பால் வாங்கப் போறப்ப பால் டிப்போ பக்கத்துல இருக்கற பெட்டியில போட்டுடுவா. அந்தப் பெட்டியை மூணரை மணிக்கு எடுப்பாங்க. அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை குறுக்க வந்துடும். இதுதான் கோளாறுன்னு, வியாழக்கிழமையே எழுதி வெள்ளிக்கிழமை காலையில போடச் சொன்னேன். வரல. பால் டிப்போ பெட்டிதான் சரியில்லையோன்னு எட்டுக் கார்டு வாங்கி, மெட்ராஸ்ல இருக்கற என் தங்கச்சி புருஷனுக்குப் போட்டேன். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பெட்டியில, ஒவ்வொரு கிழமையில. ‘வந்து சேர்ந்த தேதியும் நேரமும் எழுதி அனுப்பவும்’, அவ்வளவுதான் விஷயம். எல்லாத்துக்கும் ஒழுங்கா எழுதினாரு. கடைசிக் கார்டுல மட்டும், ‘மச்சான், வீட்டுல எல்லாரும் சௌக்கியம்தானே? தூக்கமெல்லாம் சரியா வருதா?’ன்னு கேட்டிருந்தாரு.

எட்டுல ஆறு கார்டு ரெண்டே நாள். மூணரை தாண்டிப் போட்டது மூணு நாள். சனிக்கிழமை மூணரை தாண்டிப் போட்டது நாலு. பால் டிப்போ பெட்டிமேல ஒரு குத்தமும் இல்ல. எங்க ஊரு சப்-போஸ்ட்மாஸ்டர் எபனேசர் சாருகிட்ட எல்லாத்தையும் கட்டம் போட்டுக் கொண்டுபோயிக் காட்டினேன். பாவம், பொறுமையாப் பாத்தாரு. ‘சார், உங்க கார்டு ரெண்டு நாள்ல போய்ச் சேருது. அங்க போனதுக்கப்புறம் அதுக்கு என்ன ஆகுதுங்கறதுக்கு நாங்க பொறுப்பில்ல’ன்னாரு. அவருக்கு என்ன தெரியும்? ஒரு தபால் எவ்வளவு நாள்ல போகும்ங்கறது எத்தனையோ விஷயத்தைப் பொறுத்தது சார்.

போன வருஷம் ஆடி மாசம், ஒரு சனிக்கிழமை. எனக்குக் காய்ச்சல், வீட்டுல படுத்திருந்தேன். வாசல்ல சவரிமுத்து குரல். ‘சிவக்கொழுந்துன்னு ஒரு பார்சல் சார். கேர் ஆஃப் உங்க பேரு போட்டிருக்கு.’ வாங்கிப் பாத்தா கலையரும்பு ஆபீஸ் முத்திரை. உள்ள ஒரு சுவர்க்கடிகாரம். ‘ஆண்டின் சிறந்த கடிதத்திற்கு’ன்னு ஒரு சீட்டு.

அந்தக் கடிகாரத்தைக் கையில எடுத்துக்கிட்டேன். அப்புறம் அடுப்படிக்குப் போயி, ‘உங்கப்பாவுக்குப் பார்சல் வந்திருக்கு’ன்னேன். அவ கையைப் புடவையில துடைச்சுக்கிட்டே வந்தா.

‘எத்தனை நாளா?’ன்னேன்.

‘மூணு வருஷமா’ன்னா.

‘எதுக்கு உங்கப்பா பேரு?’

‘சாகற வரைக்கும் அந்தப் புத்தகத்தைப் படிச்சாரு. பேரு ஒரு தடவையாவது அச்சுல வரணும்னு அவருக்கு ஆசைங்க. அதுவுமில்லாம என் பேருல வந்தா நீங்க படிக்கறப்பவே சிரிப்பீங்க.’

நான் சிரிச்சிருப்பேனா சார்? நீங்களே சொல்லுங்க. சரி, அது கிடக்கட்டும். எனக்குக் கேக்க வேண்டியது வேற இருந்துச்சு. ‘நீ என்னைக்குப் போடுவே?’ன்னேன்.

‘உங்க கார்டோடதான். ரெண்டையும் ஒண்ணாப் பிடிச்சு, ஒண்ணாத்தான் பெட்டியில போடுவேன்.’

யோசிச்சுப் பாருங்க. ஒரே கை, ஒரே பெட்டி, ஒரே பை, ஒரே ரயில். ‘யாருது மேல இருக்கும்?’ன்னு கேட்டேன். அவளுக்கு ஞாபகம் இல்லையாம். அதையெல்லாம் கவனிக்கணுமில்ல?

அன்னைக்கே கடிகாரத்தைக் கூடத்துல மாட்டினேன், நானே ஆணி அடிச்சேன். விஷயம் ஊருல பரவிடுச்சு. எங்க ஹெட்கிளார்க் வந்தாரு. ‘வைத்தி, உங்க வீட்டம்மா எழுதினதைப் படிச்சோம்யா, என்னமா எழுதறாங்க!’ன்னாரு. ரெண்டு அடி போனவரு திரும்பி, ‘நீங்களும் எழுதறீங்களாமே?’ன்னாரு. ‘எழுதறீங்களாமே’யாம் சார். ஆறு வருஷமா அவரு மேசைக்குப் பக்கத்துல உக்காந்துதான் டைப் அடிக்கறேன்.

அதுக்கப்புறம் நான் என்ன பண்ணினேன்? கோபப்பட்டேனா? இல்ல. அவளுக்கு எல்லாத்தையும் சொல்லிக் கொடுத்தேன். பின்கோடு, மூணரை மணி, ஞாயித்துக்கிழமை, முத்திரையில தேதியை எப்படிப் படிக்கறது, எந்த ஊரு முத்திரை முதல்ல விழும், எது கடைசியில விழும், எல்லாம். நல்ல புத்தி அவளுக்கு, ஒரு தடவை சொன்னா பிடிச்சுக்குவா. ‘இனிமே உன் பேருலயே எழுது’ன்னேன். ‘அப்பா பேரே இருக்கட்டுங்க’ன்னா. ‘சரி, உனக்கு எதுக்கு அலைச்சல்? எங்க ஆபீஸுக்கு எதிர்க்கத்தான் தபாலாபீஸ். அங்க போட்டா நேரா பைக்குள்ள போயிடும். ரெண்டையும் நானே போட்டுடறேன்’ன்னேன். அவ மூஞ்சியைப் பாக்கணுமே நீங்க. கல்யாணத்தன்னைக்குக் கூட அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பாத்ததில்ல.

முதல் வாரம் மறந்துட்டேன். சத்தியமா மறதிதான். என்னோடதைப் போட்டுட்டேன், அவளோடது சட்டைப் பையில தங்கிடுச்சு. திங்கக்கிழமை சட்டையைத் துவைக்கப் போடறப்பதான் பாத்தேன். இனிமே போட்டா புதன்கிழமைதான் போய்ச் சேரும், பக்கம் முடிஞ்சிருக்கும், எதுக்கு வீணான்னு ஆபீஸ் டிராயர்ல வச்சுட்டேன். அதுக்கான புத்தகம் வந்துச்சு. தென்கரைப்பட்டியே இல்ல. அவ திருப்பித் திருப்பிப் பாத்தா. ‘தபால்ல லேட்டாயிருக்கும்’ன்னேன். அன்னைக்கு எனக்கு நல்லாத் தூக்கம் வந்துச்சு சார். எத்தனையோ நாள் கழிச்சு அப்படி ஒரு தூக்கம்.

ரெண்டாவது வாரம் மறக்கல.

மூணாவது வாரமும் மறக்கல. ஒவ்வொரு வாரமும் எழுதி, ஒரு தடவை ஊதிக் கொடுப்பா, மை காயணும்னு. நான் வாங்கிச் சட்டைப் பையில வைப்பேன். ஆபீஸ் போயி டிராயர்ல வைப்பேன். படிப்பேன். படிக்காம இருந்தேன்னு பொய் சொல்ல மாட்டேன். நல்லாத்தான் எழுதியிருப்பா. அதுதான் எரியும்.

அவ வியாழக்கிழமை வியாழக்கிழமை என்கிட்டக் கேப்பா. ‘என்னங்க, நடுவுல லீவு ஏதாவது வந்துச்சோ?’ ‘என்னங்க, நான் பின்கோடுல ஒரு நம்பரை மாத்திப் போட்டுட்டேனோ?’ ‘மழையில வண்டி நின்னிருக்குமோ?’ எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது. நான் சொல்லிக் கொடுத்ததையே எனக்குத் திருப்பிச் சொல்றா. ‘இருக்கும், இருக்கும்’பேன்.

சரி, அவ போட்டியில இல்லையே, அந்த இடத்துல என்னோடது வரணுமா இல்லையா? அதான் நியாயம்? வரல சார். ஒரு வாரம் கூட வரல. அவ இல்லாத பக்கத்துலயும் நான் இல்ல. அதை யாருகிட்டப் போயிச் சொல்றது? உங்ககிட்டத்தான் சொல்றேன், நீங்க திருச்சியில இறங்கிப் போயிடுவீங்க.

பதினோரு வாரம் எழுதினா. பன்னண்டாவது வாரம் நான் கை நீட்டினேன். ‘இல்லீங்க, எனக்கு எழுத வராது போலிருக்கு. முன்ன ஏதோ பாவம்னு போட்டிருக்காங்க’ன்னு சொல்லிட்டு, மிச்சம் இருந்த வெறும் கார்டையெல்லாம் என் மேசையில கொண்டுவந்து வச்சா. ‘உங்களுக்கு ஆகும்’ன்னா. அதுக்கப்புறம் புத்தகத்தைப் பிரிக்கறதே இல்ல. வியாழக்கிழமை நான் கொண்டுபோயி வச்சா வச்ச இடத்துல இருக்கும். மாசக்கணக்கா எங்க வீட்டுல சாதம் அடிப்பிடிக்கல சார். பதமா, உதிரி உதிரியா இருக்கு. எனக்குத்தான் வாயில வைக்க முடியல.

இந்த மாச ஆரம்பத்துல ஒரு நாள் சவரிமுத்து ரோட்டுல சைக்கிளை நிறுத்தி ஒரு கார்டைக் கையில கொடுத்தாரு. பத்திரிகை ஆசிரியரே கைப்பட எழுதினது. இருங்க, படிக்கறேன். ‘அன்புள்ள சிவக்கொழுந்து அவர்களுக்கு, சில மாதங்களாகத் தங்கள் கடிதம் இல்லையே. உடல் நலம்தானே? வாசகர்களும் கேட்கிறார்கள். முடிந்தால் இரண்டு வரி எழுதவும்.’ முத்திரையைப் பாருங்க. மெட்ராஸ்ல ஆறாம் தேதி. எங்க ஊருல எட்டாம் தேதி. ரெண்டே நாள், கரெக்டா.

இதைப் படிச்சப்ப வந்த எரிச்சல் மாதிரி எனக்கு எதுக்கும் வந்ததில்ல சார். முப்பத்தோரு கடிதத்துக்கு வரல, கடிகாரத்துக்கு வரல, இதுக்கு வந்துச்சு. நான் நாளைக்கு எழுதறதை நிறுத்தினா எவன் கேப்பான்? செத்தே போனாலும், ‘தென்கரைப்பட்டி வைத்திலிங்கம் எங்கே’ன்னு ஒரு கார்டு வருமா? அதான் கொடுக்கல. சட்டைக்குச் சட்டை மாத்தி இருபது நாளா இதைச் சுமந்துக்கிட்டு அலையறேன்.

நேத்து சாப்பிட்டுக்கிட்டிருந்தேன். அவ கூடத்துச் சுவத்தைப் பாத்துக்கிட்டே, ‘என்னங்க, அந்தக் கடிகாரத்தைக் கழட்டிடலாமா? பாக்கறப்பல்லாம் யாருதையோ வாங்கி மாட்டி வச்ச மாதிரி இருக்கு’ன்னா. கையைக் கழுவிட்டு எழுந்துட்டேன். இன்னைக்கு ஆபீஸுக்கு லீவு சொல்லிட்டுப் பஸ் ஏறிட்டேன்.

உங்ககிட்ட ஒரு உதவி சார். இந்தா இருக்கு வெறுங்கவர். இதுல ஆசிரியர் கார்டை வைக்கறேன். மேல நீங்க விலாசம் எழுதிக் கொடுங்க. நான் எழுதினா அவளுக்கு என் கையெழுத்து தெரிஞ்சிடும். செண்பகவல்லி, பதினேழு, மேலத்தெரு. பின்கோடைப் பாத்துப் போடுங்க. நானே கையில கொடுக்கலாமேன்னு பாக்கறீங்க. கொடுக்கலாம். காலையில பஸ் ஏறறதுக்கு முன்னாடி அடுப்படி வரைக்கும் போனேன். தண்ணி குடிச்சிட்டு வந்துட்டேன்.

நாளை மறுநாள் பதினோரு மணிக்கு அவ கையில இருக்கும். முதல்ல சந்தோஷப்படுவா. அப்புறம் கார்டைத் திருப்பி முத்திரையைப் பாப்பா. எட்டாம் தேதியே நம்ம ஊருக்கு வந்த கார்டு, இருபது நாள் எங்க இருந்துச்சுன்னு கணக்குப் போட அவளுக்கு ஒரு நிமிஷம் ஆகாது. அவளுக்கு முத்திரை படிக்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தானே. அப்ப தபால்ல லேட்டுன்னு என்னால சொல்ல முடியாது. சாயந்தரம் ஆபீஸ் விட்டு எப்படி அந்த வாசப்படி ஏறப்போறேன்னு தெரியல.

இறங்குங்க சார், ஸ்டாண்டு வந்துடுச்சு. பாத்து, படி ஈரமா இருக்கு. இப்படியே நேரா நாலு எட்டு. அதோ தெரியுது பாருங்க, ஆர்.எம்.எஸ். வாசல்ல செவப்புப் பெட்டி. இந்தாங்க, அவளுக்குப் போற கவரு. இது அவ எழுதின பதினோரு கார்டு, ஆபீஸ் டிராயர்லேருந்து எடுத்துட்டு வந்துட்டேன். பழசுதான், போடுவாங்களோ மாட்டாங்களோ, ஆள் உசுரோட இருக்குன்னாவது தெரியட்டும். நீங்களே போட்டுடுங்க. என் கையில திருப்பிக் கொடுக்காதீங்க, கேட்டாலும் கொடுக்காதீங்க.

அப்புறம் சார், ஒண்ணு. அடியில டைப் அடிச்ச கார்டு ஒண்ணு இருக்கு பாருங்க. அது என்னோடது, இந்த வாரத்துக்கு. எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுடாதீங்க. என்னோடதை முதல்ல போடுங்க. போட்டுட்டுக் கொஞ்சம் நின்னு, அப்புறமா அவளோடதைப் போடுங்க.